அவர் சுட்டது வேறு சிறுத்தை

பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் சுலைமான் பாயின் கொட்டகை இருந்தது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே புலி, சிறுத்தை, கரடி, கடமான் எல்லாம் இருந்தன, எதற்கும் உயிர் இல்லை. வேட்டையாடுவதற்காகவே வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரும் துரைமார்கள் நம் காடுகளில் சுட்டதை உயிருள்ளது போலவே தெரியும்படி பாடம் செய்து, மரப்பெட்டியில் அடைத்து, துறைமுகம் வழியாக அவரவர் ஊருக்கு அனுப்பி வைப்பது எங்கள் வேலை. அப்போது அதற்குத் தடை இல்லை. நான் அங்கே ரைட்டர். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும், பெட்டியின் மேல் விலாசம் எழுதுவதும், யாராவது நேரில் வந்துவிட்டால் அவர்கள் பேச்சைத் தமிழிலும் எங்கள் பேச்சை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்வதும் என் பொறுப்பு. பெயர் ராஜசேகரன். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ரைட்டர் சார்தான்.

வேம்புலியம்மாள் 1962-ல் எங்களிடம் வந்தார். நெமிலிச்சேரிக்காரர். அவர் வீட்டில் தலைமுறையாகக் கழனி வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் செங்கல்வராயன் ஆவடி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார், இவர் திருநின்றவூரில் ஒரு ரைஸ் மில்லில் கிழிந்த கோணி தைக்கப் போனார். பெட்டிக்குள் நிரப்ப உமி வாங்கப் போன சுலைமான் பாய் அங்கே இவர் தைத்த கோணியைப் பார்த்தார். தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாராம். கண்டுபிடிக்க முடியாமல் உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். மறுவாரமே வேம்புலியம்மாள் ஆவடியில் பஸ் மாறி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். வனஜா என்று ஒரே பெண், அப்போது கைக்குழந்தை.

முதல் நாள் அவர் முன்னால் ஒரு புலித்தலையை வைத்தோம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. அவர் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்த எதுக்கு சாரு அவுங்க ஊட்டுக்கு எடுத்துகினு போறாங்க?"

"சுவத்துல மாட்ட."

"மாட்டி?"

"பாக்கறதுக்கு."

"அதான் சுடறப்பவே பாத்துட்டாங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அதே எண்ணம்தான். கடல் தாண்டி வந்து, ஒரு மிருகத்தைக் கொன்று, அதன் தோலைச் சுமந்துபோய், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவது வெறும் பகட்டு என்றுதான் நினைத்தேன். சுட்டதற்கு அடையாளம் வேண்டுமென்றால் ஒரு போட்டோ போதாதா? சம்பளம் வாங்கிக்கொண்டே மனதுக்குள் அப்படி நினைப்பேன்.

வேம்புலியம்மாளின் எண்ணம் நாளாக ஆக வேறு பக்கம் போயிற்று. அதற்குக் காரணம் எங்கள் பரண்.

கொட்டகையின் பின்பாதியில் நீளமாக ஒரு பரண் உண்டு. பாடம் செய்து முடித்தும் உரியவர் கேட்காமல் போன சாமான்களை அதில் ஏற்றி வைத்திருந்தோம். எத்தனையோ பேர் சுட்ட ஜோரில் விலாசம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து "தயார், அனுப்பலாமா?" என்று எழுதினால் பதில் வராது. மறுபடி எழுதினாலும் வராது. ஊருக்குப் போனதும் வேறு வேலை, வேறு வேட்டை. அப்படி இருபத்தாறு உருப்படிகள் பரணில் கிடந்தன. யாரும் சொல்லாமலே வேம்புலியம்மாள் சனிக்கிழமைகளில் ஏறி அவற்றின் தூசியைத் துடைப்பார்.

"சுட்டான். சரி, அவன் ஆசை, இன்னாவோ. ஆனா சுட்டத கேக்காம உட்டுட்டான் பாரு சாரு, அதான் எனக்கு மனசே ஆறல" என்றார் ஒருமுறை, பரண் மேலிருந்தபடியே.

"எடுத்துனு போயி மட்டும் இன்னா ஆவப் போவுது வேம்புலிம்மா? படம் புடிச்சிகினு போனாப் பத்தாதா?"

"படத்துல கனம் இல்லியே. தூக்கிகினு போனாத்தான் இன்னா பண்ணோம்னு தெர்யும்."

அதைக் கேட்டும் என் எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

1966 ஜனவரியில் டாசன் என்று ஓர் அமெரிக்கர் வந்தார். காட்டுக்குப் போகும் வழியிலேயே, தன் மிருகத்தை யார் பாடம் செய்யப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அறுபது வயது இருக்கும். இயந்திரப் பட்டறை வைத்திருந்தவர், விரல் நகங்களில் கிரீஸ் கறை நிரந்தரமாக ஏறியிருந்தது. அவரும் அவர் அண்ணனும் வாலிப வயதிலிருந்தே இந்தியாவுக்கு வந்து ஒரு சிறுத்தை சுட வேண்டும் என்று பேசிப் பேசியே முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் இறந்துபோனார். "நான் மட்டும் வந்தேன். அவன் உட்கார்ந்து பேசிய அறையில் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்" என்றார். நான் தமிழில் சொன்னேன். வேம்புலியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில் அவருடைய சிறுத்தை, உரித்த தோலும் மண்டையோடுமாகக் கட்டி, ரயிலில் வந்தது. கட்டைப் பிரித்ததுமே நாற்றம் மூக்கைத் துளைத்தது. மிருகம் விழுந்ததும் தோலை உரித்து, உடனே உப்புத் தேய்த்தாக வேண்டும். தாமதமானால் தோல் அழுக ஆரம்பித்துவிடும். வேம்புலியம்மாள் வயிற்றுப் பக்கம் கை வைத்தார். முடி கொத்தாகக் கையோடு வந்தது. காது, முகம், கழுத்து எல்லாம் அதே கதி.

சுலைமான் பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பரணை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு சிறுத்தைத் தோல் இருந்தது. யாரோ சுட்டு, பதனிட்டு, ஐந்து வருஷமாகக் கேட்பாரில்லாமல் கிடந்தது.

"அத்த எடுத்துப் பண்ணுமா. அளவு சரியா வரும்."

"பாய், அது வேற ஆளுது."

"அந்த ஆளு அஞ்சு வருசமா கேக்கல. இந்த ஆளு கேக்கறாரு. ரெண்டும் சிறுத்த தானே? கெட்டுப் போனத பின்னால பொதச்சுடு."

பாய் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரே டாக்டரை அழைத்துக்கொண்டு வருவார். ஆனால் ஒரு துரை குறை சொன்னால் அவரை அனுப்பி வைக்கும் வேட்டைக் கம்பெனி வேறு பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. வேம்புலியம்மாளும் மறுத்து நிற்கவில்லை. இதை மறைப்பதில் பிரயோசனமில்லை, அந்தச் சிறுத்தையைத் தைத்தது அவர்தான். மூன்று வாரம் தைத்தார். உதட்டோரம், கண்ணிமை, காதுமடல் எல்லாம் அவர் கைதான். அதுவரை அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான்.

டாசன் வேட்டை முடிந்து சிலோனுக்குப் போயிருந்தார். ஜூன் மாதம் திரும்பும் வழியில், பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கிறேன் என்று வந்துவிட்டார். அனல் காற்று வீசும் பகல். கொட்டகைத் தகரம் சூடேறி வெடுக் வெடுக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சிறுத்தையை வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தோம்.

அவர் தொப்பியைக் கழற்றினார். சுற்றிச் சுற்றி வந்தார். கழுத்தைத் தடவினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதைத் தைத்தது யார்? நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்" என்றார்.

நான் வேம்புலியம்மாளைக் கூப்பிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். டாசன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் அண்ணன் இருந்திருந்தால் உங்கள் கையை விட்டிருக்கவே மாட்டான் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

வேம்புலியம்மாள் கையை விடுவித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சாரு, ஒன்னு சொல்றேன், அப்டியே சொல்லு. இது அவுரு சுட்ட சிறுத்த இல்ல. அது கெட்டுப் போச்சி. இத்த சுட்டவன் வேற ஆளு."

சுலைமான் பாய் எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும், எனக்குச் சோறு போடுகிறவர் அவர். டாசனுக்கு நான் சொன்னால்தான் தெரியும். வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்கு இடமிருந்தது. "அவர் நன்றி சொல்கிறார்" என்றால் முடிந்தது. வாக்கியம் நாக்கில் தயாராகவே இருந்தது. வேம்புலியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மாற்றிச் சொன்னால்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார், நம்பியிருப்பார். அதனால்தான் என்னால் முடியவில்லை. அவர் சொன்னதை, சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாசன் சிறுத்தையின் மேலிருந்து கையை எடுத்தார்.

"என்னுடையது எங்கே?"

அதற்குள் வேம்புலியம்மாள் பின்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கோணிப்பை. பாய் புதைக்கச் சொன்னதில் அழுகியதை மட்டும் புதைத்துவிட்டு, மிச்சத்தை அவர் எடுத்து வைத்திருந்தார். சுத்தம் செய்த மண்டையோடு, முதுகுப் பக்கத்தில் கெடாமல் தப்பிய இரண்டு முழத் தோல், ஒரு முன்னங்கால் பாதம். எனக்கே அன்றுதான் தெரியும்.

டாசன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு விரல் இல்லை, ஆறிப்போன பழைய காயம். "ஆமாம், இதுதான்" என்றார். ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாசன் சொன்னதுதான் எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம். அது சாயங்காலம் விழுந்ததாம். முகாமில் இருந்த ஆட்கள் உடனே உரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காலை வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை தொடாதீர்கள் என்று இவர்தான் தடுத்திருக்கிறார். வெயிலேறும் வரை படம் எடுத்துக்கொண்டிருந்தாராம்.

"இவர்கள் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன்" என்றார்.

பாடம் செய்த சிறுத்தையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மண்டையோட்டையும் அந்தத் தோல் துண்டையும் பாதத்தையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துத் தரச் சொன்னார். வேம்புலியம்மாளே உமி நிரப்பி அடைத்தார். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று டாசன் கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன்.

"ஒன்னும் வோணாம் சாரு. என்னுது எங்கன்னு கேட்டாரு பாரு, அது போதும்."

அவர் என் மேஜையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் கையால் அரைப்பக்கம் எழுதி வேம்புலியம்மாள் கையில் கொடுத்தார். யாருக்கும் தெரிய வராது என்ற நிலையிலும், தன் வேலை போகும் என்று தெரிந்தும், இந்தப் பெண்மணி என்னிடம் உண்மையைச் சொன்னார் என்று தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவர் கார் போனதும் பாய் நேராகத் தொழுகைக்குப் போய்விட்டார். வேம்புலியம்மாள் சீக்கிரமே கிளம்பிவிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தாராம். வீட்டு வாசலில் செங்கல்வராயன் கேட்டாராம், "இன்னாமே, இந்நேரத்துக்கு வந்துகீற?" இவர் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி உடு. மில்லு எங்க ஓடிப் பூடப் போவுது? கோணி கிய்யாமயா பூடும்?" என்றாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் வேம்புலியம்மாள் முகம் மலர்ந்துவிடும். "ஒரு வார்த்த கடிஞ்சி பேசல சாரு அந்த ஆளு" என்பார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். போகச் சொன்னால் போகலாம் என்று டிபன் பாக்ஸைக்கூடப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். சுலைமான் பாய் தன் கையாலேயே ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லணும்மா. அதுல ஒரு பதில நீ எனக்கு மிச்சம் பண்ணிட்ட" என்றார். பிறகு என்னிடம், "ரைட்டரே, பரண்ல கீறதுக்கெல்லாம் ஒவ்வொண்ணா லெட்டர் போடு. வேணுமா வேணாமான்னு கேளு. செலவு நம்முது" என்றார்.

இருபத்தாறு கடிதம் எழுதினேன். ஒன்பது பதில் வந்தது. நான்கு பேர் அனுப்பச் சொன்னார்கள். நான்கு பேர் தூக்கி எறியச் சொன்னார்கள். ஒன்பதாவது, ஒரு விதவை எழுதியது. தன் கணவர் இந்தியாவில் ஒரு கரடியைச் சுட்டார் என்பதே அவருக்குத் தெரியாதாம். அனுப்புங்கள், அவர் செய்தது என் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அந்தச் சிறுத்தையைச் சுட்டவருக்கு எழுதியது ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. கேட்பாரில்லாத எல்லாவற்றையும் பட்டணத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைக்குப் பாய் இனாமாகக் கொடுத்தார். வேம்புலியம்மாள் லாரியில் கூடவே போனார். மாணவர்கள் சூழ்ந்துகொண்டு அந்தச் சிறுத்தையின் பல்லையும் நகத்தையும் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டதில் அவருக்கு ஏகத் திருப்தி. புரொபசரிடம், "வாரா வாரம் தொடைக்கணும் சாரு, ஈரத்துணி படக் கூடாது" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

டாசனிடமிருந்து அடுத்த வருஷம் கடிதம் வந்தது. மண்டையோட்டை அண்ணன் அறையில் மேஜை மேல் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். 'வருகிறவர்கள் இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். அதனால் நான் பேராசையால் என் சிறுத்தையைப் பாழாக்கிய கதையையும், உங்கள் ஊர்ப் பெண்மணி அதை எனக்காகக் காப்பாற்றி வைத்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுச் சிறுத்தையும் வந்திருந்தால் சுட்ட கதையை மட்டும்தான் சொல்லியிருப்பேன். கொண்டுவந்ததற்கு ஒருநாளும் வருந்தவில்லை.'

நான் வாசித்துக் காட்டினேன். வேம்புலியம்மாள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். "நல்ல மன்சன்" என்றார். அன்று எனக்கும் ஒன்று புரிந்தது. கொண்டுபோவது பகட்டா இல்லையா என்பது கொண்டுபோகிறவரைப் பொறுத்தது. அதைப் பார்க்கும்போது அவர் எதை நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. வேட்டையே கூடாது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சுட்டவர் சுட்டதைக் கேட்காமல் விடுவதைவிட, கனத்தோடு தூக்கிக்கொண்டு போவது எவ்வளவோ மேல் என்று வேம்புலியம்மாள் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேட்டைக்குத் தடை வந்தது. வரவேண்டியதுதான். பாய் 1973-ல் கொட்டகையை மூடி, இடத்தை லாரி பட்டறைக்கு விட்டார். எங்கள் எல்லாருக்கும் கணக்குத் தீர்த்து அனுப்பினார். வேம்புலியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தோல் கையுறை தைக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார். தையல் தெரியும் என்பதற்குக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. டாசன் எழுதிய காகிதம் மட்டும்தான். மேனேஜர் அதை வாசித்துவிட்டு, "இந்தம்மாவைத் தைக்க விட வேண்டாம், செக்கிங்ல போடுங்க" என்றாராம். ஏற்றுமதிச் சரக்கு. தையல் பிசகினதை யாருக்காகவும் மறைக்காமல் ஒதுக்கித் தள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது.

முதலில் மற்றப் பெண்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பேபி என்ற பெண்ணின் சரக்கை ஒரே நாளில் பாதிக்கு மேல் திருப்பியிருக்கிறார். பேபி, "இன்னாக்கா, ஒரு நூலு தான, உட்டா இன்னா?" என்று சண்டைக்கு வந்திருக்கிறாள். வேம்புலியம்மாள் கத்தவில்லை. அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்று வேளையெல்லாம் தையல் வெளியே தெரியாமல் தைக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பேபி சரக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. பேபியின் கல்யாணத்தில் தாய்வீட்டு முறை செய்தது வேம்புலியம்மாள்தான்.

நான் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். நாற்பதை நெருங்கியவனுக்கு, அதுவும் செத்த மிருகத்துக்கு விலாசம் எழுதியவனுக்கு, யார் வேலை கொடுப்பார்கள்? எழுதிப்போட்ட மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஒருநாள் செங்கல்வராயன் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். "நாளைக்குக் காலைல எஸ்டேட்டுக்கு வரச் சொல்லிச்சி சாரு. ஒங்களப் பத்திப் பேசி வச்சிகீது" என்றார்.

போனேன். ஏற்றுமதிக் கடிதங்கள் எழுத அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மேனேஜர் என் சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லை. "வேம்புலியம்மா சொல்லிட்டாங்க" என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "நான் சொன்னத சொன்னா மாதிரியே சொல்ற ஆளு, மொதலாளி பக்கத்துலயே நின்னுகினு இருந்தாலும் மாத்திப் பேச மாட்டாரு" என்றாராம் வேம்புலியம்மாள்.

அந்தக் கம்பெனியில்தான் நான் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்தச் சம்பளத்தில். வேம்புலியம்மாள் தன் பெண் வனஜாவை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். நெமிலிச்சேரியில் இரண்டு அறை வைத்துச் செங்கல் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு சுலைமான் பாயும் வந்திருந்தார், நடக்க முடியாமல் ரிக்‌ஷாவில். அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டு, முதல் இலையில் உட்கார வைத்தார்கள்.

எனக்கு வேலை கிடைத்த அந்த முதல் நாள், எஸ்டேட்டில் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தேன். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செக்கிங் மேஜையில் வேம்புலியம்மாள் ஒரு கையுறைக்குள் கையை நுழைத்து, விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

"நீ அன்னிக்கு மாத்தி சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன், சொல்லு?" என்றார். "நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். சோறு எடுத்தாந்தியா? இல்லாங்காட்டி என்னுதுல துன்னு, வா."